மாப்பிள்ளையின் பேட்ஜ்

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

கப்பலேறும் முன் என்னிடம் ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனீர்கள். அம்மா போனில் "எல்லாம் நல்லா இருக்கு" என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு முழு வருடத்தையும் ஓட்டிவிடுவார், அதனால் வீட்டு நடப்பை நீதான் எழுத வேண்டும் என்றீர்கள். ஆகவே இன்று முதல் நடப்பதையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதுவேன், எனக்கு அவமானமாக இருந்தாலும் மறைக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

முதலில் உடம்பு. அம்மா தினமும் காலையில் வாந்தி எடுக்கிறார். பாப்பா வரப்போகும் செய்தியை என்னிடம் சொல்லிவிட்டார். வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் இன்னும் யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் முடியட்டும் என்கிறார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. என்னைத் தனியே விட மனமில்லாமல் அம்மா தன் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் நடந்த கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சங்கத்தின் பயிற்சிக்குக் கூட்டிப்போனார். ஆறு ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். எக்ஸ்ரே அறைகளில் வேலை செய்கிறவர்கள் மேல் அளவுக்கு மிஞ்சிக் கதிர் படாமல் பார்த்துக்கொள்வதுதான் இவர்கள் எல்லோருக்கும் வேலை. ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் அவர்கள் பேசியதெல்லாம் முழங்கால் வலியைப் பற்றித்தான். அம்மா சங்கச் செயலாளர் என்பதால் எக்ஸ்ரே அறைக்கு வெளியே நடைபாதை மேசையில் உட்கார்ந்து குறிப்பு எழுதினார். அதைச் சாக்காக வைத்து அறைக்குள்ளேயே போகவில்லை. காரணம் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

அறைக்குள் கட்டிலில் ஒரு பொம்மை படுத்திருந்தது. மெழுகுத் தோல், வயிறு நிறையத் தண்ணீர், மேலே ஆஸ்பத்திரி கவுன். நோயாளிக்குப் பதிலாக அதன்மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, அறையின் எந்த மூலையில் எவ்வளவு கதிர் சிதறுகிறது என்று மீட்டரால் அளக்கிறார்கள். படம் தேவையில்லை என்பதால் பிலிம் போடுவதில்லை. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருப்பார், ஆறு ஊர்க்காரர்கள் சுற்றி நின்று கவனிப்பார்கள் என்று சங்கத் தலைவர் விளக்கம் சொன்னார். அவர் எப்போதும் கையில் மீட்டரோடு திரிவதால் நான் அவருக்கு டிக்டிக் மாமா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பதினெட்டு வயது ஆகாதவர்கள் உள்ளே போகக் கூடாது என்று கதவில் எழுதியிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சுற்றும் முடிந்து மெஷின் அணைந்த பிறகு, அளவு எழுதும் தாள்களை உள்ளே வைத்து எடுத்து வர அம்மா என்னைத்தான் அனுப்பினார். மெஷின் வேலை செய்யும்போது கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். நாள் முழுதும் அது நாற்பத்தொரு முறை எரிந்தது. நான் எண்ணினேன்.

மெஷினை இயக்கியவர் எக்ஸ்ரே அண்ணன்தான். பேட்ஜ் விஷயத்தில் ஒழுங்காக இல்லை என்று சென்ற வருடம் அம்மா எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தாரே, அவர். அம்மாவிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கதவில் இன்னொரு அறிவிப்பும் உண்டு. பேட்ஜ் அணியாமல் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. எல்லோர் சட்டையிலும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் பேட்ஜ் இருந்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் இல்லை. அத்தனை கதிரையும் வாங்கிக்கொள்வது அவர்தான். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அம்மாவின் வெள்ளைக் கோட் நடைபாதை ஆணியில் சும்மா தொங்கியது. முதல் சுற்றுக்குத் தாள் வைக்கப் போனபோது அதிலிருந்த பேட்ஜைக் கழற்றி, கவுனுக்கு உள்ளே மாப்பிள்ளையின் இடுப்பில் குத்திவிட்டேன். சாயங்காலம் எடுத்து மறுபடி கோட்டிலேயே குத்திவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

உங்கள் அன்பு மகள்,
பென்சில்

ஜூலை 2

என் அருமை பென்சிலுக்கு,

கடிதத்தை இஞ்சின் அறையில் சத்தமாகப் படித்தேன். மாப்பிள்ளை விளக்கத்தைக் கேட்டு இஞ்சினுக்கு எண்ணெய் போடும் எங்கள் எண்ணெய்க்காரருக்குப் புரையேறிவிட்டது. அவர் மருமகன் அப்படியே இதே ரகமாம்.

அம்மாவைப் படி ஏறவிடாதே. வாளி தூக்கவிடாதே. அவள் கேட்க மாட்டாள், ஆனாலும் சொல்லிக்கொண்டே இரு. பாப்பா பிறக்கும்போது நான் வந்துவிடுவேன் என்று கேப்டனிடம் எழுதி வாங்கிவிட்டேன்.

உன் கடிதங்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கறை படாத இடம் இந்தக் கப்பலிலேயே அது ஒன்றுதான்.

அன்புடன்,
அப்பா

ஆகஸ்ட் 14

அன்புள்ள அப்பா,

இதைப் போனில் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருடைய பேட்ஜ்களையும் வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். போன வாரம் முடிவு வந்தது. அம்மாவின் பேட்ஜில், ஒரு வருடத்துக்கு அனுமதித்த அளவைப்போல் ஏழு மடங்கு கதிர் பதிவாகியிருக்கிறதாம். பள்ளி விட்டு வந்தபோது அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான்தான் அணைத்தேன்.

எங்கே பட்டது என்று அம்மாவுக்கே தெரியவில்லை. அதுதான் பெரிய பயம். குழந்தை உண்டானதிலிருந்து எந்த எக்ஸ்ரே அறைக்குள்ளும் போகவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு சுவர் கசிகிறதா, யாராவது எதையாவது கோட் பையில் போட்டுவிட்டார்களா என்று தேடுகிறார்கள். அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சங்கத்திலிருந்து மீட்டரை இரவல் வாங்கி வந்து வீடு முழுக்க அளக்கிறார். அரிசி டப்பா, மெத்தை, செருப்பு வைக்கும் இடம், என் தலைமுடி. மீட்டர் எப்போதாவது ஒருமுறை டிக் என்னும். அது இயற்கையில் எங்கும் இருப்பதுதான், பயமில்லை என்று அம்மாவே சொல்கிறார். சொல்லிவிட்டு அடுத்த டிக்குக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

நேற்று, பிரசவம் பார்க்கப்போகும் டாக்டர் அத்தையிடம் போனோம். என்னை வெளியே உட்கார வைத்தார்கள். கதவு சரியாக மூடவில்லை. ஐந்தாவது மாதம் நெருங்குகிறது, இந்த அளவு உண்மையானால் பாப்பாவுக்கு என்ன ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது, இந்த மாதக் கடைசிக்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்றார். இருவரும் ஒரு வார்த்தையை மட்டும் வாயில் எடுக்காமல் அதைச் சுற்றிச் சுற்றியே பேசினார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அம்மாவின் அலமாரியிலிருந்து சங்கத்தின் கையேட்டை எடுத்துப் படித்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில், பேட்ஜ் யாரையும் காப்பாற்றாது, பட்டதைப் பதிந்து வைத்துக்கொள்ள மட்டுமே செய்யும் என்று போட்டிருக்கிறது. இத்தனை நாள் அது கவசம் போல என்று நினைத்திருந்தேன்.

அப்பா, உள்ளதை உள்ளபடி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இன்று முதல்முறையாக ஒன்றை விட்டுவிட்டு எழுதுகிறேன். என்னால் எழுத முடியவில்லை.

பென்சில்

ஆகஸ்ட் 23

கண்ணு,

துறைமுகத்தில் ஆறு மணி நேரம்தான் நிற்கிறோம். உன் கடிதம் இங்கேதான் கிடைத்தது. நான்கு தடவை போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. அதனால் கூரியரில் போடுகிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து புரியாவிட்டால் எழுத்துக்கூட்டிப் படி.

நீ விட்டுவிட்டு எழுதியது எதுவென்று எனக்குத் தெரியும். இன்று உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். ஜூனில் எழுதியதைப் படிக்கும்போது எழுந்து நின்றுவிட்டேன். இதைத்தானே இஞ்சின் அறையில் படித்துக்காட்டிச் சிரித்தேன். எட்டுப் பேர் கேட்டோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்தக் கடிதத்தை உறையோடு இதனுள் வைத்திருக்கிறேன். தபால் முத்திரையில் தேதி தெளிவாக இருக்கிறது. ஓடிப்போய் அம்மாவிடம் கொடு. நீ ஏற்கெனவே வாயால் சொல்லியிருந்தாலும் கொடு. எனக்கு உன் மேல் கோபமில்லை. பயம்தான். இந்தக் கடிதம் நேரத்துக்கு வந்து சேர வேண்டுமே என்கிற ஒரே பயம்.

அப்பா

ஆகஸ்ட் 31

அன்புள்ள அப்பாவுக்கு,

இனி எதையும் விடமாட்டேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தைரியம் வந்ததால் அல்ல. அம்மா என் புத்தகப் பையை மூன்றாவது முறையாக அளந்துகொண்டிருந்தார். கணக்கு நோட்டைத் தனியே எடுத்து வைத்து, அதற்குள் ஏதோ ஒளிந்திருப்பது போல மீட்டரை நகர்த்தினார். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"அம்மா, அத அளக்காத. உன் பேட்ஜ மாப்பிள்ளைக்குக் குத்துனது நான்தான்."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மீட்டரை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை தடவ எக்ஸ்ரே அடிச்சாங்க?"

"நாப்பத்தொரு தடவ. முதல் சுத்துலேர்ந்து."

அம்மா கணக்கு நோட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு, "எதுக்குடி குத்துன?" என்றார்.

"அதுக்கு மட்டும் யாரும் குத்தலம்மா."

அப்பா, அம்மா அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் சாப்பிட வா, விளக்கை ஏற்று என்பதைத் தவிர ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாளே சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஆனால் அவர்கள் நம்பவில்லை. தாயைக் காப்பாற்றப் பிள்ளை எதையும் சொல்லும், தாயும் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று செயற்குழுவில் பேசிக்கொண்டார்களாம். ஒரே ஒரு பிலிம் போட்டிருந்தாலும் பேட்ஜின் நிழல் விழுந்திருக்கும் என்று டிக்டிக் மாமா தலையில் கை வைத்துக்கொண்டாராம். டாக்டர் அத்தையும் சான்று இல்லாமல் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். நீங்கள் போன் அடித்த அன்று நாங்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தோம். அந்த நாட்களில் நான் பயந்தது போல இனி எப்போதும் பயப்படுவேனா என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கு ஒரு பயனும் இல்லாமல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை கூரியர்காரர் வந்தார். நேற்றுச் சனிக்கிழமை, அதே எக்ஸ்ரே பிரிவில் சங்கம் கூடியது. அம்மா கேட்டுக்கொண்டதால் டாக்டர் அத்தையும் வந்திருந்தார். உறையையும் முத்திரையையும் ஒவ்வொருவராகக் கை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு டிக்டிக் மாமா கடிதத்தை என்னிடம் கொடுத்து, "நீயே படிம்மா" என்றார்.

என் கடிதத்தை நானே படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிந்துகொண்டேன். முழங்கால் வலி வந்த இடத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். டிக்டிக் மாமா என்ற பெயரையும் படித்தாக வேண்டியிருந்தது. அவர் தன் கையிலிருந்த மீட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு மேசைக்கு அடியில் வைத்தார். இடுப்பில் குத்தியதைப் படித்தபோது டிக்டிக் மாமா பதிவேட்டை இழுத்துத் திறந்தார்.

நான் படித்து முடித்ததும் டிக்டிக் மாமா பலகைக்குப் போனார். அன்று மெஷினில் வைத்திருந்த அளவுகளைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, ஒரு முறை பாய்ச்சினால் பொம்மையின் இடுப்பில் எவ்வளவு படும் என்று எழுதினார். அதை என் நாற்பத்தொன்றால் பெருக்கினார். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. அம்மா நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார். கடைசி எண்ணை எழுதி, அதன் பக்கத்திலேயே ஆய்வகம் அனுப்பிய எண்ணையும் எழுதினார். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"அவங்க மேல ஒண்ணும் படல," என்று சொன்னார். "முழுக்க மாப்பிள்ளைதான் வாங்கியிருக்கான்."

டாக்டர் அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியானால் பாப்பாவைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, வழக்கமான ஸ்கேனுக்கு வந்தால் போதும் என்றார்.

அதோடு முடியவில்லை. அம்மா எழுந்து நின்றார். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை அறைக்குள் அனுப்பியது தானே, விதியை எழுதிய கையே அதை மீறியிருக்கிறது, செயலாளர் பதவியை இப்போதே விடுகிறேன், வேலை உரிமத்தை என்ன செய்வார்களோ அதற்கும் கட்டுப்படுகிறேன் என்றார். அதன் பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். எக்ஸ்ரே அண்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"பேட்ஜோட சட்டைய மறந்து உள்ள மாட்டிட்டுப் போய்ட்டேன், அதான் அளவு ஏறிடுச்சுன்னு போன வருஷம் சொன்ன. நான் நம்பல."

அவர் தன் சட்டையிலிருந்த பேட்ஜைத் தொட்டுப் பார்த்தார். "எனக்குக் கடுதாசி எழுத ஒரு பொண்ணு இல்லாமப் போச்சே மேடம்," என்றார். அது மன்னிப்பா குத்தலா என்று எனக்குப் புரியவில்லை. அம்மா தலையை மட்டும் ஆட்டினார். எக்ஸ்ரே அண்ணனின் தண்டனையை மறுபடி விசாரிக்க வேண்டும் என்பதுதான் குறிப்பேட்டில் அம்மா எழுதிய கடைசி வரி.

எல்லோரும் போன பிறகு கோட்டை எடுக்க நடைபாதைக்குப் போனோம். நல்ல வெயில் நேரம்தான். ஆனால் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவு திறந்திருந்தது. மாப்பிள்ளை கட்டிலில் அப்படியே கிடந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இனி அந்த வாசலைத் தாண்ட மாட்டேன். அம்மா மட்டும் உள்ளே போய், காலடியில் சுருண்டு கிடந்த போர்வையை இழுத்து மாப்பிள்ளையின் கழுத்து வரை போர்த்திவிட்டார். திரும்பி வந்து, எட்டு நாளுக்குப் பிறகு முதல்முறையாக என் தலைமேல் கை வைத்தார். பிறகு விளக்குகளை அணைத்தார்.

உங்கள் மகள்,
பென்சில்