இன்னும் மூடாத குழி

முல்லைத்தீவு,
தை மாதக் கடைசி.

அன்புள்ள மகன் றொனால்டுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் காவலில் நாங்கள் சுகம், அம்மாவின் சீனி வருத்தம் எங்களைவிடச் சுகம். நீயும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். பிரான்சில் வெளிநாட்டாரைச் சேர்க்கும் உன் பட்டாளம் உனக்கு வைத்த பெயரை உறையில் தங்கச்சி டிலுசாதான் எழுதினாள், எனக்கு வாய் வளையவில்லை. படைக்குப் போனால் பெயரை மாற்றுவார்கள் என்பது வன்னியில் புதினமில்லை, ஆனாலும் இங்கே தமிழ்ப் பெயராவது வைத்தார்கள்.

ரெலிபோனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் வந்து நிற்பா, அதனால் எழுதுகிறேன். பங்குனியோடு உன் ஒப்பந்தம் முடிகிறது, திரும்பவும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப் போகிறாய் என்று டிலுசாவிடம் சொன்னாயாம். அம்மாவுக்கு அது தெரியாது. உனக்குப் பதினைந்து வயதில் இயக்கம் வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்தபோது குசினிக்குப் பின்னால் நான் குழி வெட்டினேன், நீ அதற்குள் இருந்தாய், மேலே தகரம், தகரத்துக்கு மேலே விறகு, விறகுக்கு மேலே அம்மா இருந்து மீன் வெட்டினா. எந்தப் படையும் பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது என்று மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தா, மாதாவும் கேட்டா. பிறகு இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் வீடு இல்லை, குழி இருந்தது. போன ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குப் போனபோது, பிள்ளை தானாகப் போய்ப் படையில் சேர்ந்தால் அந்த நேர்த்தி செல்லுமா என்று சுவாமியாரிடம் கேட்டா. அவர் நல்ல மனிதர், முதலில் தேத்தண்ணி குடியுங்கோ அம்மா என்றார்.

முன்வீட்டு யோகநாதன் அண்ணையிடம் உன் சீருடைப் படத்தைக் காட்டினேன். பெடியன் வடிவாய் இருக்கிறான், சம்பளமும் குடுக்கினம் என்ன என்றார். அவருடைய மகனும் உன் வயதுதான், ஒளிக்க இடமில்லாமல் பிடிபட்டவன். கொண்டுபோனவர்கள் படம்கூடத் தரவில்லை.

மற்றப் படத்தில் நீ பதுங்குகுழி வெட்டி அதற்குள் நின்று சிரிக்கிறாய். ஓரம் நேராய் வந்திருக்கிறது, என்னுடையது கோணல். அதை அம்மா பார்த்திருக்கக் கூடாது. மாரி வெள்ளத்தில் எங்கள் குழி நிறைந்து கிடந்தது, மூடித் தென்னம்பிள்ளை வைப்போம் என்று நான் சொல்ல, உங்களுக்கு விசரே, அவன் வந்தால் எங்கை ஒளிப்பிக்கிறது என்று கேட்டா. சீனி வருத்தம் அவவின் கண்ணைத்தான் பிடித்திருக்கிறது, மூளை தெளிவு என்று டொக்டர் சொல்கிறார், அதுதான் எனக்குப் பயம். நேற்று இரண்டுபேருமாகத் தண்ணீரை இறைத்தோம்.

குளிருக்குக் காதை மூடு. ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் காப்பாற்றுவா, நீயும் கொஞ்சம் இடம் கொடு. ஒன்றை மட்டும் மறக்காதே. நீ இப்போது வளர்ந்த ஆள், பழைய குழி உனக்குக் காணாதாம், அம்மா அகலமாக்கச் சொல்கிறா. எனக்கு எழுபது வயது. கையெழுத்து வைக்கப் பேனையை எடுக்கும்போது, இங்கே நான் மண்வெட்டி எடுப்பதையும் நினைத்துக்கொள்.

உன் அப்பா
கிறகோரி