உருகாத மணிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பலமுறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வேலை இருந்திருக்கும். ஒருவகையில் கடிதம்தான் நல்லது. பேச்சென்றால் பாதியில் குறுக்கே விழுவாய், காகிதத்தில் அது முடியாது.

முதலில் மாமாவைப் பற்றி. முகக்கவசம் போட்டிருந்ததால் கண்கள் தப்பின. வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். உருகிய பாலியெஸ்டர் கையுறையோடு ஒட்டிக்கொண்டதால், அதைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்துவிட்டது. இடது கையில் சீழ் பிடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அடங்காவிட்டால் மணிக்கட்டோடு எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். சாப்பாடு நான்தான் ஊட்டிவிடுகிறேன். நேற்று நர்ஸிடம், "இத்தனை வருஷத்துல இவ ஒருநாள்கூட ஊட்டிவிட்டதில்ல சிஸ்டர். கையக் குடுத்துதான் அத வாங்க வேண்டியிருக்கு" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ஆலையில் மற்ற கலன்கள் ஓடுகின்றன. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளும்போது கழன்று போகும் அசிட்டிக் அமிலம், அந்த வினிகர் வாடை, வாசல் வரை வருகிறது. முன்பெல்லாம் மாமாவின் சட்டையை மோந்தே அன்று எத்தனை தூரம் வேலை நடந்தது என்று சொல்லிவிடுவேன். இப்போது அவர்மேல் மருந்து வாடைதான்.

விசாரணை முடிந்துவிட்டது. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். மாமாவே அப்படித்தான் சொல்லியிருக்கிறார். வால்வுக்குள் கம்பியை நானாகத்தான் விட்டேன், யாரும் சொல்லவில்லை என்று.

அன்று நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும். பேட்ச் முடிந்து, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தும் அடிவால்வில் ஒன்றும் இறங்கவில்லை. அப்படியே விட்டால் கலன் முழுவதும் கல்லாகிவிடும். மாமா கையுறை போட்டிருந்ததால், ஆய்வகத்திலிருந்து மாதிரி எடுக்க வந்த நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "உறைஞ்சிருக்காது மாமா, சும்மா அடைப்புதான். அழுத்தத்தக் குறைச்சுட்டா அப்புறம் இறங்காது. அப்படியே கம்பிய விட்டு ஒரு குத்து குத்துங்க, வந்துரும்" என்றாய். வந்துவிட்டது. இந்தப் பொருளின் குணம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிற்கும்வரை குழம்பாக இருக்கும். ஓடத் தொடங்கினால் குச்சி போன்ற அதன் மூலக்கூறுகளெல்லாம் ஒரே திசையில் வரிசை கட்டிக்கொண்டு தண்ணீராகிவிடும். முந்நூறு டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர்.

வால்வில் சிக்கியிருந்த கட்டியில் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியின் சூட்டுத் தட்டில் வைத்துப் பார்த்தேன். உருகிய பகுதி எப்போதும்போல வண்ண இழைகளாக மின்னிக்கொண்டு ஓடியது. நடுவில் மணிமணியாகச் சில, சூட்டை ஏற்றியும் அசையவில்லை. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வீட்டுத் தரையில் தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாம் நேராக இருந்தால் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது, கருகினாலும் கருகுமே தவிர உருகாது, அதனால்தான் நடுநடுவே கோணல் குச்சிகளைச் சேர்க்கிறோம் என்றாய். வாங்குகிறவர்கள் இன்னும் சூடு தாங்க வேண்டும் என்று கேட்டார்கள், நீ கோணலைக் குறைத்தாய். அந்த மணிகள் நேர்க்குச்சிகள் மட்டும் சேர்ந்த திரள்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் திருத்து.

மேனேஜரிடம் காட்டினேன். "விகிதத்த மாத்தணும்னா அதப் போட்டவர் சொல்லணும்மா. நீங்க சொல்லி நான் மாத்த முடியுமா?" என்றார். அவர் சொல்வதும் முறைதான்.

அடுத்த மாதம் அதே விகிதத்தில், அதே கலனில் மறுபடி போடுகிறார்கள். மாமாவின் இடத்தில் ராகம் நிற்கப் போகிறான். எந்நேரமும் எதையாவது முனகிக்கொண்டே இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர், நீயும் பார்த்திருக்கிறாய். அடைத்தால் கம்பியைத் தொடாதே என்றேன். "வேலைக்கு வந்துட்டு வால்வப் பாத்துக் கும்பிட்டுட்டாக்கா போக முடியும்?" என்றான். இப்போது அவன் முனகுவதில்லை.

மாமாவிடம் ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "அவன் சின்னப் பையன். அவன் பொழப்புல மண்ணு விழக்கூடாது. நீ வாயத் தொறக்காத" என்றார். உனக்கு நரை விழுந்தது அவருக்குத் தெரியாதுபோல. கையில் அடித்துச் சத்தியம் வாங்க அவர் கைகள் கட்டுக்குள் இருக்கின்றன. கண்ணாலேயே வாங்கிக்கொண்டார். அதனால் நான் சொல்ல முடியாமல் இருக்கிறேன்.

நீ சொல்லலாம். விகிதத்தை மாற்று. ஏன் மாற்றுகிறாய் என்பதையும், அன்று போனில் இருந்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல். காரணம் தெரியாமல் மாற்றினால், யாராவது கேட்டதும் மறுபடி பழையபடி ஆக்கிவிடுவார்கள். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று யோசிக்காதே. அதை நாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கடிதம் மாமாவுக்குத் தெரியாது. கூரியரில் அனுப்புகிறேன், மாதம் பிறப்பதற்குள் வந்துவிடும்.

குழந்தையைத் தூக்கும்போதும், அதற்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போதும், உன் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்
அக்கா