தேனிலவுக்கு மூன்று ஜாடிகள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் ஆரம்பித்தேன், ஆரம்பித்த இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. வேறு எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற பிள்ளை இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்ச நாளாக நழுவுகிறாய். வீடியோவில் முகத்தைக் காட்டு என்றால் போனில் கேமரா பழுது என்கிறாய். பல்பு லேசாக மங்கினாலே ஏணி தேடுகிறவன் நீ, ஒரு போனைச் சரி செய்யாமல் இத்தனை நாள் வைத்திருக்கிறாய் என்றால் நான் நம்ப வேண்டுமாக்கும். தங்கை கல்யாணத்துக்கு வரவும் லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டாய். போனில் கேட்டால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுகிறாய், எனக்கும் பக்கத்தில் யாராவது நின்றுகொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் மருந்துக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியத்தில் கூட்டம் இருக்காது. நடுவில் யாராவது வந்தால் எழுந்து போவேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.

கல்யாண வேலை கழுத்து வரைக்கும் இருக்கிறது. சின்னவள் பரிசுப் பொருள் எதுவும் வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஆளுக்கொரு கடிகாரம் தூக்கிக்கொண்டு வந்தால் எந்தச் சுவரில் மாட்டுவது என்கிறாள், அதுவும் நியாயம்தான். அதற்குப் பதிலாக விருந்துக் கூடத்தின் வாசலில் அலங்காரம் செய்த ஜாடிகள் வைக்க வேண்டுமாம், வருகிறவர்கள் மனசுக்குத் தோன்றியதைப் போடுவார்களாம், அந்தப் பணத்தில் இவர்கள் இரண்டு பேரும் தேனிலவு போவார்களாம். உண்டியல் குலுக்கியா தேனிலவு போகணும் என்று அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மாப்பிள்ளை கொஞ்சமும் கோபப்படாமல், நாங்க குலுக்க மாட்டோம் மாமா, அவங்களாப் போட்டா வாங்கிக்குவோம் என்று சொல்லவும் அப்பாவே சிரித்துவிட்டார். நல்ல பிள்ளை. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை என்றதும் எனக்கும் முதலில் என்னவோ போலத்தான் இருந்தது, ஆனால் நம் வீட்டுச் சமையலறைக் கதவு அழுகிற அழுகையை அப்பா வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், இவர் வந்த அன்றைக்கே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அதன் வாயை மூடினார். நீ நேரில் பார்த்தால் உனக்குப் பிடித்துப்போகும்.

ஜாடி எங்கே கிடைக்கும் என்று தேடி அலையவில்லை. கடையில் பஞ்சு போட்டு வைக்கிற பெரிய கண்ணாடி ஜாடி மூன்று பழசாகிக் கிடந்தன, முதலாளி எடுத்துக்கோம்மா என்றார். மூடியில் துளை போடுகிற பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார், அங்கேதான் வினை. பள்ளி வேனை நிறுத்திவிட்டு வந்து தகர மூடியில் உளியை வைத்துத் தட்டினார், அளவுக்குச் சட்டைப்பையில் இருந்த ஒரு நாணயத்தை வைத்துக் கோடு போட்டிருக்கிறார். நோட்டு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு நினைவு வரவில்லை. சின்னவள் பார்த்துவிட்டு, எல்லாரும் சில்லறையாப் போட்டா நாங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான்பா போக முடியும் என்றாள். ரோஷம் வந்து அகலப்படுத்தினார் பார், இப்போது என் கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போகிறது. யார் கையையும் தகரம் கிழிக்காமல் இருக்க ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டினேன். எங்கள் கடைப் பிளாஸ்திரிதான், வேறு எதைக் கண்டேன்.

இரு, ஆள் வந்திருக்கிறது.

இருமல் மருந்து. அதிலும் சர்க்கரை சேர்க்காதது, அதிலும் கசக்காதது வேண்டுமாம். எங்கே விட்டேன், ஜாடி. அலங்காரம் என் பொறுப்பு. வலைத்துணி, நாடா, சிப்பி, காகிதத்தில் மடித்த குட்டி விமானம் என்று ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். ஒட்டுவதும் பிய்ப்பதுமாக இருக்கிறேன். நீல நாடா சுற்றி முடித்துப் படுத்தால் அது சரியில்லை என்று தோன்றுகிறது, காலையில் எழுந்து வெள்ளையை மாற்றுகிறேன், கடைக்குக் கிளம்பும்போது மறுபடி நீலமே பரவாயில்லை என்று தோன்றுகிறது. கண்ணாடி தெரியணும்மா, ஒரு நாடா போதும், ஜாடிக்குக் கம்பளி போத்துற மாதிரி ஏன் சுத்துற என்று சின்னவள் சண்டைக்கு வருகிறாள். அவளுக்கு என்ன தெரியும். கை சும்மா இருந்தால் மனசு உன் பக்கம் ஓடுகிறது. அதைக் கட்டிப் போடத்தான் எனக்கு இத்தனை நாடா.

மூன்று ஜாடிக்கும் அவள்தான் பெயர் வைத்தாள். ஒன்று பயணம். ஒன்று தங்கும் அறை. மூன்றாவதில் அவள் கையாலேயே, கலர் பேனாவில், அண்ணன் வீடு என்று எழுதி ஒட்டினாள். கடலோரத்தில் நாலு நாள் இருந்துவிட்டு அப்படியே உன்னிடம் வந்து இரண்டு நாள் தங்குவது என்பது அவர்கள் திட்டம். நீ வர முடியாவிட்டால் என்ன, நாங்க போய் அண்ணன் முன்னாடி நிப்போம் என்று குதித்துக்கொண்டு உனக்குப் போன் செய்தாள். நீ என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியும். இப்ப இங்க ஒரே குளிரு, பார்க்க ஒண்ணும் இல்ல, வீடும் சின்னது, வேற எங்கயாவது சந்தோஷமாப் போயிட்டு வாங்க. போனை வைத்துவிட்டு அவள் நேரே ஜாடியிடம் போனாள். அந்தக் காகிதத்தை உரித்து எடுத்தாள். பிறகு பாத்திரம் துலக்கும்போது, அண்ணனுக்கு இவரைப் பிடிக்கலை போலம்மா, பெரிய வேலையில இருக்கறவரா எதிர்பார்த்திருக்கும் என்றாள். அப்படி இல்லடி என்று சொன்னேன். காரணம் கேட்டாள், அவள் துலக்கி வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி துலக்கினேன். பசைத் தழும்பு ஜாடியில் அப்படியே நின்றுவிட்டது, வெந்நீருக்கும் போகவில்லை, சோப்புக்கும் போகவில்லை.

அதற்காகத்தான் அந்த ஜாடியைக் கடைக்கே கொண்டுவந்தேன், ஸ்பிரிட்டில் துடைக்கலாம் என்று. துடைத்துவிட்டு அந்த இடத்தில் இவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தை ஒட்டி, காயட்டும் என்று மேசை ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே புதுச் சரக்குப் பெட்டிகளைப் பிரிக்கப் போய்விட்டேன். அது எந்த இடம் தெரியுமா. யாருடைய வைத்தியத்துக்காவது பணம் சேர்க்க வேண்டும் என்றால் படம் ஒட்டிய டப்பாவை முதலாளி வைக்கச் சொல்கிற இடம். போன மாதம் முழுக்க, சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்ட ஒரு தச்சருடைய படம் அங்கேதான் இருந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை. திரும்பி வந்தால் ஜாடிக்குள் பணம். ஓர் அம்மா, எவ்வளவு தெம்பாச் சிரிக்குது பாரு, இதுக்குப் போயி இப்படி வந்திருக்கே என்று உச்சுக் கொட்டிக்கொண்டே நோட்டை மடிக்கிறாள். மழையோ வெயிலோ குடையில்லாமல் வராத ஒரு பெரியவர், குடைக்காரர் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம், ரத்த அழுத்த மாத்திரைக்குக் கொண்டுவந்த காசில் பாதியைப் போட்டுவிட்டு மாப்பிள்ளை படத்தைக் காட்டி, புருஷன் கூடவே நிக்கிறான்ல, அதுவே பாதி வைத்தியம் என்கிறார். ஐயையோ இது தேனிலவுக்குப் போறதுக்கு வச்ச ஜாடிங்க என்று நான் கத்தினேன். முதலாளிதான் முதலில் சிரித்தார், அப்புறம் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், உச்சுக் கொட்டிய அம்மா வெட்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும் என்றாள். நானும் சிரித்தேன். போட்டவர்களிடம் எல்லாம் திருப்பிக் கொடுத்தேன். குடைக்காரர் மட்டும் கையை நீட்டவில்லை. நான் உடம்பு முடியாதவங்களுக்குன்னு நினைச்சுப் போட்டேன், அப்படி யாருமே இல்லாமலா போயிடுவாங்க, அவங்களுக்குக் குடும்மா என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் நான் முக்காலியில் உட்கார்ந்தேன். சிரித்த வாய் எப்படி அழ ஆரம்பித்தது என்று தெரியவில்லை. முதலாளி, கல்யாண வீட்டுக் களைப்பும்மா, வீட்டுக்குப் போ என்றார். களைப்பு இல்லை கண்ணா. போன மாதம் நீ பேச்சுவாக்கில், கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன் கேட்டான் என்று ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னாய், அதைப் போட்டால் வாயெல்லாம் தகரத்தைக் கடித்த மாதிரி இருக்கிறதாம், என்ன செய்யலாம் என்று கேட்டாய். சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல், எலுமிச்சைத் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்ளச் சொல் என்று நானும் கடையில் கேட்கிறவர்களுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மாத்திரையை யாரும் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் வாங்குவதில்லை. பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டோடு வருவார்கள், தலையில் துணியோ தொப்பியோ இருக்கும், தாங்களே வர முடியாதபோது வீட்டிலிருந்து ஆள் வரும். அந்த நோயின் பெயரைத் தினமும் வாயால் சொல்கிறவள்தான் நான், இந்தத் தாளில் எழுதக் கை வரவில்லை. அந்த நண்பன் யார், அவனுக்கு என்ன பெயர் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. உன் குரல் மெலிந்திருந்தது. மாடிப்படி ஏறி வந்தேன் அம்மா, அதான் மூச்சு வாங்குது என்றாய். நீ தரைத் தளத்தில் குடியிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாதா.

நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால் என்னைத் திட்டு, கிறுக்கி என்று சொல், சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். ஆனால் சரியாக இருந்தால் இன்னொன்றையும் கேட்டுக்கொள். இதே மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த ஒரு வாத்தியாரம்மா, நடுவில் ரொம்ப நாள் வரவில்லை, போய்விட்டார் என்றே நாங்கள் நினைத்துவிட்டோம். போன வாரம் வந்து நின்றார். என்ன வேண்டும் என்றேன். ஒரு சீப்பு கொடு என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை, அவர் தலையைத் தடவிக் காட்டினார், குட்டை குட்டையாக முளைத்திருந்தது. காசு வாங்க மாட்டேன் என்று நான் அடம் பிடித்தேன். ஆறுதலுக்காக இதைக் கட்டி எழுதுகிறேன் என்று நினைக்காதே, எனக்குக் கதை கட்ட வராது.

குடைக்காரர் பணத்தைத் தச்சர் வீட்டில் கொடுத்துவிட்டேன். உன் படத்தை ஒட்டி யாரும் எங்கேயும் டப்பா வைக்க வேண்டாம், உனக்கு நான் இருக்கிறேன். கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை. மருந்துக்கடைக்காரியைப் பெற்றவளாக வைத்துக்கொண்டு மருந்தை அவளிடமே ஒளிப்பாயா. கல்யாணம் கெட்டுவிடும் என்று நினைத்திருப்பாய், எனக்குத் தெரியும், அந்த நல்ல மனசை நினைத்தால் இன்னும்தான் ஆத்திரம் வருகிறது. அப்பாவிடம் நான் சொல்லவில்லை, வேன் ஓட்டுகிற மனுஷர், பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். சின்னவளிடமும் சொல்லவில்லை. அவளிடம் நீதான் சொல்ல வேண்டும், கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல். அழுவாள், அழட்டும். அண்ணனுக்கு என் புருஷனைப் பிடிக்கவில்லை என்ற எண்ணத்தோடு அவள் புது வீட்டுக்குப் போகக் கூடாது. கல்யாணத்தைத் தள்ளி வைக்கிறேன் என்று ஆரம்பித்தால் நான் விட மாட்டேன், அதை என்னிடம் விடு. மூன்றாவது ஜாடியில் ஊர் சுற்ற என்று எழுதிவிட்டேன். அவர்கள் கடலுக்கே போகட்டும், நனைந்து, சிரித்து, படம் எடுத்து உனக்கு அனுப்பட்டும். உன்னிடம் வரப்போவது நான்.

ஆமாம், லீவு சொல்லிவிட்டேன். திரும்பி வருகிற தேதி என்ன என்று முதலாளி கேட்டார், இன்னும் முடிவாகவில்லை என்றேன், முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மகனைப் பார்த்து ரொம்ப நாளாச்சு, போயிட்டு வரேன் என்று சொன்னதும் அப்பா நம்பிவிட்டார், பெட்டி வாங்கி வந்திருக்கிறார், சக்கரம் ஒரு பக்கம் இழுக்கிறது. விருந்து முடிந்த மறுநாள் காலையில் கிளம்புகிறேன். வேண்டாம் என்று எழுதாதே, எழுதினாலும் அது வந்து சேர்வதற்குள் நான் வழியில் இருப்பேன். முகம் எப்படி மாறியிருந்தாலும் எனக்குப் பயமில்லை, பார்க்காமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. ஒட்டடை, அழுக்குத் துணி எதையும் எனக்காகச் சுத்தம் செய்யாதே, எல்லாவற்றையும் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

நீ நூறு வயசு இருக்க வேண்டும், நான் உன்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம். அதுவரைக்கும் நேரத்துக்குச் சாப்பிடு, பிடிக்காவிட்டாலும் இரண்டு வாய் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் வந்து மணி அடிக்கும்போது எழுந்து வந்து கதவைத் திறப்பது உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றால், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வை.

உன்
அம்மா