ஞானத்தந்தை உன்னை விசாரித்தார்

ஷிங்கு ஆற்றங்கரை,
மே மாதக் கடைசி

அன்பு மகள் ஜுசாராவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் கோழிகளும் நலம். காட்டின் நலம் என்னைவிட உனக்குத்தான் தெரியும். மேலிருந்து பார்ப்பவள் நீ. வாட்ஸ்அப் இருக்கும்போது ஏன் தபால் என்று யோசிப்பாய். ஊரில் இருக்கும் ஒரே வைஃபை ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்திய உன் ஞானத்தந்தை லியோன்சியோவின் கடையில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து அவரைப் பற்றி எழுதுவது மரியாதை இல்லை.

நகரத்து அலுவலகத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, மரம் அழிந்த இடம் என்று நீ சிவப்புக் கட்டம் போட்டது அவருடைய நிலத்துக்குத்தான். வனத்துறை அதிகாரிகள் வந்து, சட்டப்படிதான் என்று சொல்லி அவருடைய புல்டோசரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அவர் கோபப்படவில்லை. பாலாடைக்கட்டியோடு வீட்டுக்கு வந்தார். "ஏன் தங்கச்சி, நம்ம புள்ள அங்க மத்தியானம் எப்ப சாப்புடப் போகும்?" என்று கேட்டார். நீ நாள் முழுவதும் ஒரு குழாய் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறார். பன்னிரண்டு மணிக்கு என்றேன். அன்றிலிருந்து பன்னிரண்டு மணிக்குக் காட்டில் புகை கிளம்புகிறது. ஒரு மணிக்கு எல்லோரும் சட்டத்தை மதிக்கிறார்கள்.

போன வாரம் அந்தப் புகையிலும் நீ கட்டம் போட்டாய். மறுபடி வந்தார், பாலாடைக்கட்டி இல்லாமல். "அப்ப நம்ம புள்ள சோறே திங்கிறதில்லயா? இப்படி இருந்தா உடம்புக்கு ஏதாவது ஆயிடுமே தங்கச்சி" என்றார். குரலில் நிஜமான அக்கறை இருந்தது.

அதிகாரிகளுக்கு வழிகாட்டிய நெயெமியாஸ் இறந்துவிட்டார். மோட்டார் சைக்கிள் விபத்து என்று போலீஸ் எழுதியிருக்கிறது. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை, சட்டையில்தான் ஓட்டை. சவப்பெட்டி லியோன்சியோவின் செலவு. தாராள மனம், நெயெமியாஸ் இறப்பதற்கு முந்தின நாளே பெட்டி படகில் வந்து இறங்கிவிட்டது.

புனித யோவான் திருவிழாவுக்கு உன்னை வரச்சொல்கிறார். "ஞானப்புள்ளன்னா நேர்ல வந்து கையைப் பிடிச்சு ஆசி வாங்கணும். பெரிய படிப்பு படிச்சா முறை மாறிடுமா?" என்று கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படகுச் சீட்டும் எடுத்து வைத்திருக்கிறாராம். வருவதற்கு மட்டும்தானா, திரும்புவதற்குமா என்று நான் கேட்கவில்லை.

மகளே, உனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். அது குணமாக வேண்டாம். எனக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால் வராதே. நான் இறந்துவிட்டேன் என்று வந்தாலும் வராதே. என்னைப் புதைக்க இங்கே ஆள் இருக்கிறது.

கடவுள் உன்னை அங்கேயே வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
சுல்மிரா