எட்டு இடமும் ஒரே வரிசையில்

வாசலில் ஒரு பார்சல் கிடந்தது. பிரித்தால், வெல்வெட் விரித்த பெட்டிக்குள் ஒரு முழ நீளத்துக்கு அலுமினியப் பலகை. அதன் மேல் பாதி அழிந்த எண். நம் கல்லூரி ஸ்டேடியத்தில் நம் மூலையை இடித்துவிட்டார்கள். அங்கிருந்த பெஞ்சைத் துண்டு துண்டாக அறுத்து, அதில் இருந்த பழைய ரசிகர்களுக்கே நினைவுப் பொருளாக விற்கிறார்கள். உன் இடத்தின் துண்டை நம் வரிசை லிண்டா வாங்கி எனக்கு அனுப்பியிருக்கிறாள். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். இதில் நாம் உட்கார்ந்ததே கிடையாதேடி! இத்தனை வருஷமும் இதன் மேல் ஏறி நின்றுதானே கத்தினோம்.

நாம் இருவரும் டெக்சாசுக்குப் படிக்க வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை ஊரே அடங்கிக் கிடந்தது. நூலகத்தில் ஆள் இல்லை, பஸ் வரவில்லை, கண்ணில் பட்டவர்கள் எல்லாரும் ஒரே நிறச் சட்டை. பந்த் என்று முடிவு கட்டி நான் பால் வாங்கி வைக்க ஓடினேன். அதை நடத்துவது எந்தக் கட்சி என்று நீ விசாரிக்கப் போனாய். போன இடத்தில், ஸ்டேடியத்துக்கு வெளியே டிரக்கின் பின்பக்கம் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த லிண்டாவும் அவள் கணவரும் உன்னிடம் மாட்டினார்கள். மகன்கள் வராததால் மிஞ்சிய இரண்டு டிக்கெட்டை உன் கையில் திணித்தார்கள், நீ என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அன்று தொடங்கியது. வருடம் போகப் போக அந்த வரிசையில் நாம் எட்டுப் பேர் ஆனோம்.

எனக்கு அந்த அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் புரியவில்லை. கபடி பார்த்து வளர்ந்த நீதான் சட்டென்று பிடித்துக்கொண்டாய். "நாலு தடவைக்குள்ள பத்து கெஜம் முன்னேறணும்ட்டி. இல்லைன்னா பந்து அவனுக்கு. அவ்வளவுதான்."

பிறகு காசு புகுந்தது. முன்பும் இருந்திருக்கும், நம் கண்ணில் படவில்லை. நாம் அடுப்பு மூட்டிய பார்க்கிங்கில் கம்பெனிக் கூடாரங்கள் முளைத்தன. பந்தோடு எதிரணிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டால் அதைக்கூட ஏதோ ஒரு வங்கியின் பெயரோடுதான் அறிவித்தார்கள். ஆட்டக்காரர்களுக்கும் பணம் வர ஆரம்பித்தது. கூடத் தருகிற கல்லூரிக்கு அவர்கள் தாவினார்கள். நாம் தலையில் வைத்துக் கொண்டாடிய பையன் அடுத்த வருடமே எதிரிச் சட்டையில் வந்து நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ என்னைத்தான் திட்டினாய். "ஏட்டி, நீ எத்தனை கம்பெனி மாறியிருக்க? நீ எச்-ஒன் விசா டிரான்ஸ்பர் பண்ணலாம், அவன் பண்ணக்கூடாதோ? மண்டைய உடைச்சுக்கிட்டு ஆடுதவன் அவன்தான." நீ சொன்னது நியாயம்தான். ஆனால் கோபம் போகவில்லை, இன்னும் இருக்கிறது.

நீ போன அடுத்த வசந்தத்தில் அந்த மின்னஞ்சல் வந்தது. நம் மூலையில் ஏசி லவுஞ்ச் கட்டப் போகிறார்களாம். கல்லூரிக்குப் பெரிய நன்கொடை கொடுத்தால் அங்கே மெத்தை நாற்காலி, இல்லையென்றால் மிச்ச இடத்தில் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்த நன்கொடை நம் வரிசையில் யாருக்கும் கட்டாது. லிண்டாவின் கணவர், இனிமேல் டிவியில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு உன்னை இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. உன் வீட்டுக்கு இப்போது நான் போவதில்லை, உன் படத்துக்கு முன்னால் நிற்க என்னால் முடியவில்லை. உன்னைத் தேடிப் போக எனக்கு இருந்தது அந்த வரிசை ஒன்றுதான். ஆளுக்கொரு மூலையாகச் சிதறினால் அதுவும் போச்சு.

டிக்கெட் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். அந்தப் பெண் நயமாகத்தான் பேசினாள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இணையத்தில் விற்பனை திறக்கும், எட்டு இடம் அடுத்தடுத்துக் கிடைப்பது நடக்காத காரியம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரிடம் சொல்கிறாள்? தீபாவளி நெரிசலில் அம்மா அப்பாவுக்கு இங்கிருந்தே தட்கல் டிக்கெட் எடுத்துக் கொடுத்த கையடி இது.

மேற்கு வெயில் முகத்தில் அறைகிற உச்சி வரிசையைக் குறி வைத்தேன். அதை யாரும் சீண்ட மாட்டார்கள். முந்தின வாரமே, டிவி போதும் என்ற லிண்டாவின் கணவரையும் சேர்த்து, எல்லாரையும் வீடியோ காலில் உட்காரவைத்துப் பழக்கினேன். முன்கூட்டியே லாகின் செய்துவிட வேண்டும், கார்டைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், திரையில் சக்கரம் சுற்றினால் எதையும் தொடக் கூடாது. யார் எந்த இடத்தை அமுக்குவது என்று பிரித்தும் கொடுத்தேன். நம்மில் ஏழு பேர்தானே மிச்சம், எட்டு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. விற்பனை நாளன்று லிண்டாவின் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கை துறுதுறுத்தது. பெயர் சொல்லி அதட்டினேன். கடைசியில் கிடைத்துவிட்டது என்று சொல்லி அழுதாள். எட்டும் கிடைத்தன, ஒரே வரிசையில். நான் சமையலறையில் தனியாகக் குதித்தேன்.

போன சனிக்கிழமை எட்டாவது இடத்துக்கு உன் வீட்டுக்கார அண்ணன் வந்தார். நம் இருவரையும் ஸ்டேடியம் கேட்டில் இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுகிற அதே மனுஷர்தான். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெயிலில் நின்றார். கடைசி நிமிஷத்தில் எதிரணி நம் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் வந்து நாலு தடவை முட்டியது. நாலு தடவையும் நம் பையன்கள் மறித்துவிட்டார்கள். ஜெயித்துவிட்டோமடி! அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினதில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

படி இறங்கும்போது கேட்டார், "இந்தப் பயலுவ அடுத்த வருசமும் இங்கனதான் ஆடுவானுவளாம்மா?"

"தெரியாதுண்ணே. யாராவது கூடக் காசு கொடுத்தா போயிடுவாங்க. நாம இருப்போம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இவ்வளவு திமிராகப் பேச எனக்கு வராது, அது நீ பேசுகிற பேச்சு. ஸ்டேடியத்தின் பெயரை யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளட்டும். உன் திமிர் என்னிடம் இருக்கிறது. அடுத்த வருடமும் எட்டு இடம்தான் எடுப்பேன்.