செலானில் குத்தியிருந்த சீட்டு

சரோ,

சாம்பார் சாதம் குக்கர்ல கீது, சுட வெச்சு சாப்புடு. மாடி ரூம் பாக்க ஒரகடம் கம்பெனி பொண்ணுங்க ஷிப்ட் முடிஞ்சு வருவாங்க. சாவி டிவி மேல.

நான் டாக்ஸ் ரீஃபண்டு விசாரணைக்கு ஆடிட்டரோட சென்னை போறேன். குடியிருக்க விட்ட ரூமுக்கு சர்வீஸ் டாக்ஸே கிடையாது, நீதான் தப்பா கட்ட வெச்சேன்னு பத்து வருஷமா உன்னைத் திட்டிகினு இருந்தேன். நேத்தும் திட்டினேன்.

காலைல பழைய ஃபைலைப் புரட்டினா, டாக்ஸ் கட்டின செலான்ல நீ குத்தி வெச்ச சீட்டு: "இது நமக்கு உண்டா? ஆடிட்டரைக் கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க." நான் அதைப் படிக்காமலே போட்டிருக்கேன்.

யார் தப்புன்னு ஆபீசர் கேட்டா, என் தப்புன்னுதான் சொல்லுவேன்.

எல்லப்பன்

பி.கு. அந்தச் சீட்டு என் சட்டைப் பைல கீது. இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது சொல்லிக் காட்டியிருக்கலாமே, சரோ.