நானே அடைத்த குழாய்

நவம்பர் 16, ஞாயிறு

நான் சிங்க்குக்குள் எண்ணெய் ஊற்றுகிறேன் என்று மருமகள் சொல்லித் திரிகிறாள். அது பிழை. அடைத்தது சொதிக்குப் பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை. தெரிந்துதான் கொட்டினேன். அடைத்தால் மகன் லவால் நகரிலிருந்து வருவான், கீழே படுத்து வளைகுழாயைக் கழற்றுவான், டோர்ச் பிடித்தபடி அவனோடு கதைக்கலாம் என்று நினைத்தேன்.

காலையில் அவனுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன்.

"பேந்து வாறன் அம்மா. இப்ப ஒரு பிளம்பரை அனுப்பிறன்."

"குழாய் கழற்ற எனக்குத் தெரியும். நீ உன்ர வேலையைப் பார்."

வாளியை வைத்து நானே கழற்றினேன். பழைய பல்துலக்கியால் திருகு மரைவரை தேய்த்துப் பூட்டினேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பிறகு இரண்டு பேருக்குச் சமைத்ததைத் தனியே சாப்பிட்டேன்.

ஃபோனில் கேட்டால் மறுபடியும் 'பேந்து, பிறகு' என்று தள்ளிப்போடுவான். நாளை கடிதம் போட வேண்டும். இவ்வளவுதான் எழுதுவேன்: குழாய் சரி. நீ வந்து ஆறு கிழமை, ஒன்றரை மாதம். அடுத்த ஞாயிறு வருவாயா, மாட்டாயா? எழுத்தில் பதில் போடு.